மூணாவது தூங்குது

உட்காரு அம்மிணி. உட்காரு, ஆனால் அந்தப் பை மேலே கை படக் கூடாது. ஜன்னலோரம் பைக்கு, நடுவில் நான், இந்த ஓரம் உனக்கு. மூணு பேர் சீட்டுதானே. கண்டக்டர் ஏதாவது சொல்வான். சொல்லட்டும். நான் பார்க்காத கண்டக்டரா?

இதோ வந்துவிட்டான்.

"ஏம்மா, பையை மேல தூக்கி வைங்க. ஆளுங்க நிக்கறாங்கல்ல?"

"மேல வெச்சா உருளுமுங்க."

"அப்பக் கீழ வைங்க."

"கீழ வெச்சா அதிருமுங்க."

"அப்ப மடியில வெச்சுக்கங்க தாயி!"

"ஏன், உங்க மடியில வெச்சுக்கறீங்களா? பைக்கு ஒரு முழு டிக்கெட் கிழிங்க. கோயமுத்தூருக்கு ரெண்டு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அதுக்கு. அப்புறம் அதை எந்திரின்னு சொல்றவன் யாருன்னு நானும் பாக்கறேன்."

பார்த்தாயா? கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரு டிக்கெட்டில் மூணு மூட்டை ஏற்றி ஊர் ஊராகப் போனவள் நான். சரக்குக்கு டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார வைத்தது இன்றைக்குத்தான். அதிரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான். வேறொன்றுமில்லை.

நீ பையையே பார்க்கிறாய். உள்ளே தங்கம் இல்லை. ஹார்டு டிஸ்க். கம்ப்யூட்டருக்குள்ளே இருக்குமே, படம் பாட்டு எல்லாம் சேர்த்து வைக்கிற டப்பா, அது. நாலு இருக்கிறது. ஒவ்வொன்றையும் ஒரு துண்டில் சுற்றியிருக்கிறேன், எல்லாம் என் சரக்குத் துண்டு. சிவப்புத் துண்டில் இருப்பது மூணாவது. என் குடியைக் கெடுத்தது அதுதான். அதுவும், எங்கள் வீட்டுக்காரரும், ஒரு கடைக்காரனும். மூணு பேரும் சேர்ந்து.

என்னைத் தெரியாதா உனக்கு? ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாயா, அப்படியானால் எங்கே தெரியப் போகிறது. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் வந்து துண்டுக்காரப் பாவாயி என்று கேள். காட்டிக்கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பார்கள். மில்லில் கழித்துப்போட்ட துண்டு, லுங்கி எல்லாம் மூட்டையாக எடுத்துச் சில்லறைக்கு விற்கிறேன். செவ்வாய்க்கிழமை சந்தை. ஆமாம், இன்றைக்கும் செவ்வாய்தான். என் இடத்தில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும். கிடக்கட்டும். மழைக் காலம், கூட்டம் இருக்காது. வெயில் அடித்தால் என்ன? மழைக் காலம் மழைக் காலம்தான்.

எங்கப்பன் மாட்டுத் தரகர். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள், தெரியுமா? கை மேலே துண்டைப் போட்டு, அதற்கடியில் ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரலோ அத்தனை ஆயிரம். பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. சின்னப் பிள்ளையில் ஒரு நாள் நான் அந்தத் துண்டுக்கடியில் கையை விட்டேன். எங்கப்பன் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், காதோடு சேர்த்து ஓர் அறை. "பொட்டக் கழுதைக்கு இங்க என்ன வேலை?" அப்புறம் நான் பேரம் பேசினது எல்லாம் துண்டுக்கடியில் இல்லை. ஊரே கேட்கப் பேசினேன்.

எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை அம்மிணி. முதல் முதலாக வாங்கின மூட்டையில் மேலே இருந்ததெல்லாம் நல்ல துண்டு, உள்ளே முழுக்க ஓட்டை. அன்றைக்கு நான் அழுதேன். அதற்கப்புறம் மற்றவர்களை அழ வைத்தேன். யாராவது ஒரு விலை சொன்னால் எனக்கு அது விலையாகவே கேட்காது. என்னை வைகிற மாதிரி கேட்கும். திருப்பி வைதால்தான் மனசு ஆறும்.

எங்கள் வீட்டுக்காரர் சென்னியப்பன் நேர் எதிர். கடைக்காரன் எதைச் சொன்னாலும் "சரிங்க." சோப்பு வாங்கப் போனால்கூட நான் பின்னாலேயே போக வேண்டும். ஸ்டுடியோ வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் வீடியோ இவர்தான். கையில் போன் வந்ததும் அவனவன் அவனவன் கல்யாணத்தை அவனவனே பிடித்துக்கொண்டான். ஸ்டுடியோவை மூடினார். மூடின மனுஷன் அந்தப் பழைய கேசட்டுகளைத் தூக்கிப் போட்டாரா? இல்லை. ஒவ்வொன்றாக ஓட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி, நாலு டிஸ்க்கில் அடைத்து வைத்தார். ஊரில் நடந்த கல்யாணம் அத்தனையும் எங்கள் பின்ரூமில் கிடக்கிறது. முன்ரூமில் என் மூட்டை. நடுவில் சமையல்கட்டு. அதுதான் எங்கள் வீடு.

அந்தக் கம்ப்யூட்டர் வாங்கின கதையைக் கேள். இவரைத் தனியாக விட்டிருந்தால் கடைக்காரன் தோலை உரித்திருப்பான். நான் போனேன். ஒவ்வொரு சாமானாக எடுத்து வைத்தான், நான் ஒவ்வொன்றாகத் தட்டினேன். கடைசியில் கரண்ட் பெட்டி. சுவரிலிருந்து வருகிற கரண்ட்டை வாங்கி உள்ளே இருக்கிறதுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. பெரிய பெட்டி ஒன்றை எடுத்து வைத்து, யானை விலை சொன்னான்.

"இது வேண்டாமுங்க. அந்தச் சின்னதைக் குடுங்க."

"அக்கா, நாலு டிஸ்க் போடறீங்க. அது தாங்காதுங்கக்கா."

"ஏன் தாங்காது? எங்கூட்டுல ஒரு ஒயர்ல நாலு பல்பு எரியுது. தாங்கறதில்லையா?"

"பல்பு வேற, டிஸ்க் வேறக்கா. டிஸ்க் நின்ன எடத்துலயிருந்து சுத்த ஆரம்பிக்கறப்போ கரண்ட்டை ஒரே இழுவா இழுக்கும்."

"நீ என்னைய இழுக்காம இருந்தாச் சரி."

கடையில் நின்றவனெல்லாம் சிரித்தான். சின்னப் பெட்டியைக் கொசுறு மாதிரி வாங்கிக்கொண்டு வந்தேன். கொசுறு! நான் வாங்கினதிலேயே அது மாதிரி ஒரு பேரம் கிடையாது. இவர் அந்தக் கடைக்காரனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. என்ன சொல்ல முடியும்? பெண்டாட்டி கெட்டிக்காரியாக இருந்தால் ஆம்பளைகளுக்கு வாய் வராது.

அதற்கப்புறம் ஆரம்பித்தது பார் கூத்து.

கம்ப்யூட்டருக்குள் ஓர் இடம் இருக்கிறது. கரண்ட் செட்டிங். இத்தனை நிமிஷம் யாரும் தொடாவிட்டால் டிஸ்க்கை நிறுத்து என்று அதில் சொல்லி வைக்கலாம். ஆனால் நாலுக்கும் சேர்த்து ஒரே உத்தரவுதான். இவருக்கு அது பத்தவில்லை. முதலாவது எப்போதும் விழித்திருக்க வேண்டுமாம். ரெண்டாவது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தூங்க வேண்டுமாம். மூணாவதும் நாலாவதும் கூப்பிட்டால் மட்டும்தான் எழ வேண்டுமாம், அதிலும் ஒன்று எழுந்திருக்கும்போது இன்னொன்று எழக் கூடாதாம். அதற்கென்று தனியாக ஏதோ ஒரு சாப்ட்வேரை எங்கிருந்தோ இறக்கி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் குறித்தார். வந்த மருமகளுக்குக்கூட ஒரு மாமியார் அப்படி நேரம் குறிக்கமாட்டாள்.

போதாக்குறைக்குக் கம்ப்யூட்டர்ப் பெட்டி முகப்பில் நாலு சுவிட்ச் வேறு வைத்துக்கொண்டார். டிஸ்க்குக்கு ஒன்று. காலையில் கம்ப்யூட்டரைப் போடும்போது முதலாவது மட்டும். காதைப் பெட்டியில் ஒட்டிக் கேட்பார். அது ங்ஙொய் என்று சுற்றி ஒரு நிதானத்துக்கு வந்தபிறகு ரெண்டாவது. மறுபடி காது. அப்புறம் மூணாவது. அதற்குள் நான் இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, என் மூட்டையைக் கட்டி முடித்துவிடுவேன். எல்லாம் எழுந்தபிறகு ஒவ்வொன்றாக மறுபடி தூங்கப் போகும். தூங்கும்போது டொக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் இவர் முகத்தில் ஒரு நிம்மதி! கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்ட மாதிரி.

நான் மூட்டையைத் தொப்பென்று இறக்கினால் பின்ரூமிலிருந்து குரல் வரும். "மெதுவா பாவாயி. மூணாவது தூங்குது."

மூணாவது தூங்குது! அதுதான் இருக்கிறதிலேயே பழைய டிஸ்க். ஸ்டுடியோவில் இருந்தது. கிழம். எழுந்திருக்க மற்றதைவிட ரொம்ப நேரம் எடுக்கும், முனகிக்கொண்டே எழும்.

ஒரு நாள் தாங்கமாட்டாமல் கேட்டேன். "ஏனுங்க, இந்தூட்டுல பொழுதுக்கும் நின்னு கத்திச் சம்பாரிக்கறவ ஒருத்தி இருக்கறேன். என்னிக்காச்சும் ஒரு நாள், தூங்கு பாவாயின்னு எனக்குச் சொல்லியிருக்கறீங்களா?"

"உன்னையத் தூங்க வெக்க எந்த சாப்ட்வேர்ல முடியும்?" என்றார்.

சிரிக்காதே அம்மிணி. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இத்தனை சீராட்டு எதற்கு என்று கேட்பாய். இழவுக்கு! ஆமாம். ஒருத்தர் செத்துப்போனால் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க வேண்டும், போட்டோ வேண்டும். பாதிப் பேரிடம் போட்டோ இருக்காது. ஆதார் அட்டையில் இருக்கிற மூஞ்சியைப் பேனரில் போட்டால் போலீஸ் தேடுகிற ஆள் என்று நினைப்பார்கள். நேராக எங்கள் வீட்டுக்கு வருவார்கள். "அண்ணா, எங்க தங்கச்சி கல்யாணத்துல எங்கப்பா பந்தியில நின்னாருங்கண்ணா." இவர் தேடி, பந்தி ஓடுகிற இடத்தில் நிறுத்தி, அப்பன் முகத்தை எடுத்துக் கொடுப்பார். சும்மா! பைசா வாங்கமாட்டார். "எழவுக்கு என்ன வெலை பாவாயி?" என்பார். பூக்காரன் இழவுக்குச் சும்மாவா கொடுக்கிறான்? தப்புமேளக்காரன் சும்மாவா அடிக்கிறான்? இவருக்கு மட்டும் என்ன? கேட்டால் எழுந்து பின்ரூமுக்குப் போய்விடுவார்.

பெருந்துறை வந்துவிட்டதா? யாராவது இந்தச் சீட்டுக்கு வந்தால் நீ ஒன்றும் பேசாதே. நான் பேசிக்கொள்கிறேன்.

போன வாரம் மாராத்தாள் வந்தாள். எங்கள் வீதிக்குப் பின்வீதி. அவள் புருஷன் காளியண்ணன், லாரி ஆபீசில் லோடு ஏற்றுகிறவன். ஏற்றிக்கொண்டே இருந்தவன் அப்படியே உட்கார்ந்தான், முடிந்தது. கருமாதி வருகிற வெள்ளிக்கிழமை. கருமாதி முடியாமல் அந்த வீட்டுப் பொம்பளை வாசப்படி தாண்டக் கூடாது, உங்கள் ஊரிலும் அப்படித்தானே? எங்கள் பக்கம் அதைக் கொலைக் குற்றம் மாதிரி பார்ப்பார்கள். அவள் தாண்டி வந்தாள். பட்டப்பகலில், முக்காடு போட்டுக்கொண்டு, சந்து வழியாக வந்து எங்கள் வாசலில் நிற்கிறாள். அவளை வையலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

"அக்கா, அவரு சிரிச்சு நான் பாத்தது ஒரே நாளுதானுங்கக்கா. கல்யாணத்தன்னிக்கு மணவறையில உக்காந்துட்டு, அண்ணன் கேமராவைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாரு. அப்புறம் லோடு, கடன், குடி. சிரிக்க எங்க நேரம்? அது உள்ள இருக்குதுங்களா?"

இவர் எழுந்து வந்தார். "இருக்குது மாராத்தா. மூணாவதுல இருக்குது. ஆனா இப்ப ஒண்ணுலயிருந்து ரெண்டுக்குக் காப்பி ஓடுது. நடுவுல மூணாவதை எழுப்புனாத் தாங்காது. நாளைக்கு எடுத்து, நானே பேனர்காரன்கிட்டக் குடுத்துடறேன். நீ வெசனப்படாமப் போ."

"பேனர்ல மூஞ்சி மட்டுந்தானுங்கண்ணா வரும்? நகந்து சிரிக்கறதை ஒருக்காப் பாத்துட்டுப் போயிடறனுங்க. இன்னொருக்கா என்னால வர முடியாதுங்கண்ணா. மாமியா தூங்குது, அதான் வந்தேன்."

இவர் அவளைப் பார்த்தார். பின்ரூமைத் திரும்பிப் பார்த்தார். "சித்த இரு. இதா வந்தர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்! ஒரு பொம்பளை தாலியறுத்துவிட்டு வந்து நிற்கிறாள், இந்த மனுஷன் டீ குடிக்கப் போகிறார். ஆம்பளைகளுக்கு யாராவது அழுதால் உடனே டீ குடிக்க வேண்டும்.

எனக்கு வந்தது பார் ஆத்திரம். பெட்டி தூங்குதாம்! உயிரோடு இருக்கிற பொம்பளை தூக்கம் கெட்டு நிற்கிறாள், செத்துப்போனவன் சிரிக்கிறது உள்ளே இருக்கிறது, நடுவில் ஒரு டப்பா தூங்குதாம்.

"வா மாராத்தா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பின்ரூமில் உட்கார வைத்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று நினைக்கிறாயா? இத்தனை வருஷம் டீ கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அந்தத் தூங்குகிற இடத்தைத் திறந்தேன். நாலு பேருக்கும் நாலு நேரம் போட்டிருந்தது. ஒவ்வொன்றாக மாற்றினேன். தூங்காதே. தூங்காதே. நீயும் தூங்காதே. மூணாவதுக்கு வந்தபோது சத்தமாகவே சொன்னேன், "நீ தூங்கினது போதும், எந்திரி."

அப்புறம் மூணாவதைத் திறந்தேன். ஒரு வட்டம் வந்தது. சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. மவுஸ் அம்பை நகர்த்தினால் நகரவில்லை. உள்ளே அது முனகுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. மாராத்தாள் முக்காட்டை விலக்கிவிட்டுத் திரையையே பார்க்கிறாள். கண் சிமிட்டினால் எங்கே தப்பிவிடுமோ என்று பார்க்கிறாள்.

எத்தனை நேரம் பார்ப்பது? டிவி நின்றுபோனால் என்ன செய்வோம்? மோட்டார் நின்றுபோனால்? சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போடுவோம். உலகத்தில் எல்லாரும் செய்கிறதுதானே? அணைத்தேன். போட்டேன். முகப்பில் இருந்த அந்த நாலு சுவிட்சும் போட்டது போட்டபடி இருந்தது. அதை நான் எதற்குத் தொட வேண்டும்?

நாலும் ஒரே நேரத்தில் எழுந்தது அம்மிணி! ங்ஙொய் என்று, நாலும் சேர்ந்து, மில்லில் தறி ஓட ஆரம்பிக்கிற மாதிரி. நான் மாராத்தாளைத் திரும்பிப் பார்த்தேன். "பாத்தியா? ஒண்ணொண்ணாத்தான் எழுப்போணுமாம். தாங்காதாம்! இந்த மனுஷன் பேச்சைக் கேட்டா..."

டப்.

அவ்வளவுதான். ஒரு சின்னச் சத்தம். ஒயர் கருகின வாசனை வந்தது. ங்ஙொய் என்ற சத்தம் கீழே இறங்கி இறங்கி நின்றது. கடைசியாக மூணாவதுதான் நின்றது. டொக் என்று இல்லை. கரகரவென்று.

மாராத்தாள் கொஞ்ச நேரம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. துக்க வீட்டுக்காரி சொல்லக் கூடாதுதான்.

அவள் சந்தில் திரும்புகிறாள், இவர் மொபெட்டில் வந்து இறங்குகிறார். கையில் ஒரு பெட்டி. பெரிய கரண்ட் பெட்டி. பழைய ஸ்டுடியோ சிநேகிதக்காரர் ஒருத்தரிடம் இரவல் வாங்கிக்கொண்டு வந்தாராம். அன்றைக்கு அந்தக் கடைக்காரன் காட்டினானே யானை விலைப் பெட்டி, அதே மாதிரி. வாசலிலேயே மோந்துவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நாலு சுவிட்சும் போட்டே இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?"

அந்தப் பெரிய பெட்டியை மூலையில் வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார். இனி எது தூங்குகிறது அங்கே? சுவிட்சைக் கேட்டதுதான் அவர் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அன்றைக்கே முடிந்திருக்கும். நான் எத்தனை பேரை வாயாலேயே மடக்கியிருக்கிறேன். பேசாத ஆளிடம் என்ன பேரம் பேச? சோறு போட்டு வைத்தால் அப்படியே இருக்கிறது. குழம்பை மாற்றினேன், அப்படியே இருக்கிறது. எனக்கொன்றும் இல்லை, சோறு வீணாகிறது என்றுதான் சொல்கிறேன். அரிசி என்ன இலவசமாகவா வருகிறது?

மறுநாள் ரிப்பேர்காரன் வந்தான். பெட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். மற்ற மூணுக்கும் அடியில் கரண்ட் ஓடுகிற பச்சைத் தகடு மட்டும்தான் போயிருக்கிறதாம், அதை மாற்றினால் பிழைத்துக்கொள்ளுமாம். மூணாவதுதான் சந்தேகமாம். உள்ளே தட்டு சுற்றும்போதே அதைப் படிக்கிற ஊசி அதன் மேலே விழுந்திருக்கிறது, கோயமுத்தூரில் இதற்கென்றே ஒரு கடை இருக்கிறது, அங்கே கொண்டுபோங்கள், அதிராமல் கொண்டுபோங்கள் என்றான். சொல்லிவிட்டுச் சும்மா போனானா?

"இத்தனை மட்டமான பெட்டியை எந்தப் புண்ணியவாளன் வாங்குனது? நாலு டிஸ்க்கு ஒண்ணா எந்திரிச்சா இது எப்பிடிங்க தாங்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்கிறார், "நான்தான் வாங்குனேன்."

கேட்டாயா அம்மிணி? நான்தான் வாங்கினேனாம்! அந்தக் கடையில் நின்று தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி, கொசுறு மாதிரி வாங்கினவள் நான். பக்கத்தில் மரம் மாதிரி நின்றுவிட்டு, இப்போது ரிப்பேர்காரன் முன்னால் நான்தான் என்று பேர் வாங்கிக்கொள்கிறார். என் வாழ்க்கையிலேயே நல்ல பேரம் அது. அதையும் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு ஆறவில்லை. இப்போதும் ஆறவில்லை.

கோயமுத்தூர்க் கடைக்குப் போன் போட்டேன். ஒரு விலை சொன்னான். மூணாவதுக்கு உத்தரவாதம் தர முடியாதாம், வெள்ளிக்கிழமைக்குள் என்றால் இன்றைக்கே கொண்டுவர வேண்டுமாம். இவர் போகட்டும் என்று பார்த்தேன். இவர் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. சரி என்று நானே துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசப்படி தாண்டும்போது பின்னாலிருந்து குரல். இத்தனை நாளைக்குப் பிறகு என்னிடம் வாயைத் திறக்கிறார், என்ன சொல்வார் என்று நிற்கிறேன்.

"பாவாயி. அங்க போயிப் பேரம் பேசாத."

எப்படி இருக்கும் எனக்கு? ஒரு நல்ல வார்த்தை வேண்டாம். பத்திரமாகப் போய்விட்டு வா என்று வேண்டாம். பேரம் பேசாதே! மீனைப் பார்த்து நீந்தாதே என்று சொல்கிற மாதிரி. நீயே சொல்லு, இப்படி ஒரு மனுஷனோடு...

என்ன? என்ன சொன்னாய்? சத்தமாகச் சொல்லு, பஸ் இரைச்சலில் கேட்கவில்லை.

பெட்டி சின்னதாக இருந்ததால்தான் ஒவ்வொன்றாக எழுப்பியிருப்பாரா?

யார் சொன்னது உனக்கு? நீ என்ன படிக்கிறாய்? நர்சிங்கா? நர்சிங் படிக்கிறவளுக்குக் கரண்ட் பெட்டியைப் பற்றி என்ன தெரியும்? வாயை மூடிக்கொண்டு வா.

சின்னப் பெட்டியாம்.

அப்படியே இருந்தாலும், ஏன் சொல்லவில்லை? வாங்கின அன்றைக்கே சொல்லியிருக்கலாம் அல்லவா? வாயில் என்ன இருந்தது? இத்தனை வருஷம் காலையில் எழுந்து காதை ஒட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக... ஒரு வார்த்தை. பாவாயி, உன்ற பெட்டி பத்தலை. அவ்வளவுதானே. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன், கடித்தா தின்றிருப்பேன்? அந்தக் கடைக்காரன் சட்டையைப் பிடித்திருப்பேன். தாங்காதது என்று தெரிந்தும் எனக்கு எப்படி விற்றாய் என்று கேட்டிருப்பேன். சொன்னானா? சொன்னான். சொன்னால் போதுமா? நான் கேட்டால் கொடுத்துவிடுவதா? வியாபாரி என்றால் ஒரு பிடிவாதம் வேண்டாமா?

எல்லாரும் என்னிடம்தான் விட்டுக்கொடுப்பார்கள். ஒருத்தனாவது நின்றானா?

தண்ணீர் இருந்தால் கொடு அம்மிணி.

அவிநாசி போய்விட்டதா? இனி மேம்பாலம், குழி, எல்லாம் வரும். இந்தப் பாட்டிலைப் பிடி. நான் பைக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொள்கிறேன். சிவப்புத் துண்டுக்கடியில் கையை வைத்துக்கொண்டால் அவ்வளவாக அதிராது. சில்லென்று இருக்கிறது.

கேள், அந்தக் கோயமுத்தூர்க் கடைக்காரன் சொன்ன விலையை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறேன். பாதியில் ஆரம்பிக்கலாமா, அதிலும் பாதியில் ஆரம்பிக்கலாமா என்று. நல்ல விலைதான், பேச இடம் இருக்கிற விலை. ஆனால் வைகிற மாதிரி கேட்கமாட்டேன் என்கிறது. வெறும் விலையாகவே கேட்கிறது. காதில் ஏதோ கோளாறு. எங்கப்பன் அறைந்த காது அது.

ஐயோ! குழி! பார்த்து ஓட்டக் கூடாதா?

"ஏனுங்க டிரைவரு! ஏனுங்க! கண்ணு தெரியுதுங்களா இல்லீங்களா? என்ன அவசரம் உங்களுக்கு? மெதுவா ஓட்டுங்க! மூணாவது தூங்குது!"

என்ன எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள்? டிக்கெட் எடுத்திருக்கிறது. அதுவும் முழு டிக்கெட். நீ என்ன அப்படிப் பார்க்கிறாய்? பேசாமல் வா அம்மிணி. சத்தம் போடாதே.